குதிரைக்குப் பக்கத்தில் நிற்பவர்



13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே நடந்த குதிரை வியாபாரத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின. மன்னர் ஒருவர் மட்டும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார். அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்கினார்கள். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூடத் தேறவில்லை என்கிறார் போலோ. காரணத்தையும் சொல்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, லாடம் அடிக்கத் தெரிந்தவர் இல்லை. விற்க வந்த வணிகர்கள் லாடக்காரரைக் கூட்டிவருவதும் இல்லை, மற்றவர்களை வரவிடுவதும் இல்லை. குதிரை செத்தால்தான் அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்.

எண்ணிக்கையில் பயணியின் மிகை கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு எனக்குப் பழக்கமான கணக்கு. குதிரைக்குப் பொன்னை அள்ளிக் கொடுத்தவர்கள், குதிரையோடு நிற்க வேண்டிய ஆளுக்கும் அவர் கையில் இருக்க வேண்டிய கருவிக்கும் செலவழிக்கவில்லை. இன்றைக்கும் பல லாயங்களில் அதேதான் நடக்கிறது. குதிரை பல லட்சம். சேணம் வெளிநாட்டில் தைத்தது. சவாரி செய்பவர் தலையில் விலை உயர்ந்த தலைக்கவசம். விடியற்காலை நாலு மணிக்கு லாயத்தைத் திறந்து, இலத்தி அள்ளி, தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, நடத்திக் கூட்டிப்போகும் குதிரைக்காரர் காலில் மட்டும் ரப்பர் செருப்பு.

ரேஸ் லாயங்களில் இவரை சைஸ் என்பார்கள். நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான்: லாயத்தில் பாதுகாப்புக்கென்று எடுத்துவைக்கும் முதல் ரூபாய் இவருக்குப் போக வேண்டும். சவாரிக்காரர் குதிரையோடு இருப்பது நாளில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. இவர் அதன் காலடியிலேயே வாழ்கிறார். தூங்குவதுகூடப் பல இடங்களில் அங்கேதான்.

குதிரையை முதலில் பார்ப்போம். ரேஸ் குதிரை 450லிருந்து 500 கிலோ வரை இருக்கும். நம் அந்தியூர்ச் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் கொஞ்சம் இலேசானவை. அவ்வளவு எடையும் நாலு சின்னக் குளம்புகளில் நிற்கிறது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், ஏறக்குறைய 350 டிகிரிக்குச் சுற்றிலும் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். ஓடித் தப்பித்தே இத்தனை காலம் பிழைத்து வந்த பிராணி அது. பயந்தால் ஓடும். ஓட வழியில்லாவிட்டால் உதைக்கும். முரட்டுக் குதிரை வேண்டுமென்றே செய்த காயத்தைவிட, சாதுவான குதிரை திடுக்கிட்டுச் செய்த காயங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பறந்துவந்த ஒரு பிளாஸ்டிக் பை, காற்றில் அடித்துக்கொண்ட ஒரு தகரக் கதவு, அவ்வளவுதான் காரணமாக இருந்திருக்கும். அதனால் குதிரைக்காரரின் குரலையும் ஒரு பாதுகாப்புச் சாமானாகவே எண்ணுங்கள். பின்பக்கமாகப் போகும்போது பேசிக்கொண்டே போக வேண்டும். ஒன்று, அதன் பின்தொடையில் கைவைத்து ஒட்டியே சுற்றிவர வேண்டும். இல்லையென்றால் கால் எட்டாத தூரத்தில் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் உதையின் முழு வேகமும் விழும்.

இந்த மேசைமேல் சில சாமான்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். முதலில் இந்தக் கயிறு.

இது பருத்திக் கயிறு, ஏறக்குறைய மூன்று மீட்டர். பக்கத்தில் இருப்பது நைலான் கயிறு. கடைத்தெருவில் சல்லிசாகக் கிடைக்கிறது, மழையில் மக்காது, அதனால் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள். குதிரை ஒரு உலுக்கு உலுக்கினால் நைலான் கயிறு உள்ளங்கைத் தோலை எரித்துக்கொண்டு உருவும். வலி தாங்காமல் கையை விடுவீர்கள், குதிரை சாலைக்கு ஓடும். விடக்கூடாது என்று கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசம் வேறொன்று இல்லை. அப்படிச் சுற்றியதால் விரலின் மேல்கணுவை இழந்த ஒரு பெரியவருக்கு, அவர் வேலை பார்த்த லாயத்திலேயே நான் முதலுதவி செய்திருக்கிறேன். "இழுக்கும்னு தெரியும் ஐயா. இவ்ளோ வேகமா இழுக்கும்னு தெரியாது" என்றார். குதிரையை வாழ்நாள் முழுவதும் கையில் பிடித்தவர் சொன்ன வார்த்தை அது. கயிற்றின் மிச்சத்தைச் சுற்றிக்கொள்ளாமல் மடித்து மடித்துப் பிடியுங்கள். ஹால்டர் என்ற தலைவாரின் வளையத்துக்குள் விரலைக் கோத்துப் பிடிப்பதும் கூடாது. கைக்கு, உள்ளங்கைப் பக்கம் ரப்பர் புள்ளி வைத்த துணிக் கையுறையாவது வேண்டும். ஹார்டுவேர் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாமான்தான்.

கட்டும் விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு நடக்கிறது. சுவரில் பதித்த இரும்பு வளையத்தில் நேராகக் கயிற்றைக் கோத்து இறுக்கிக் கட்டிவிடுகிறோம். குதிரை திடுக்கிட்டுப் பின்னால் இழுக்கிறது. கயிறு விடவில்லை. விடாத கயிறு அதன் பயத்தை இரட்டிப்பாக்குகிறது. கடைசியில் வளையம் சுவரோடு பெயர்ந்து வரும், அல்லது குதிரை சறுக்கி விழும். நடுவில் மாட்டுபவர் முடிச்சை அவிழ்க்க ஓடிய குதிரைக்காரர். இதற்கு மருந்து ஒரு முழம் சணல் நூல். வளையத்தில் சணலை ஒரு கண்ணியாகக் கட்டி, அந்தக் கண்ணியில் கயிற்றைக் கட்டுங்கள். பெரிய இழுவை வந்தால் சணல் அறுந்துவிடும். வைக்கோல் கட்டோடு வரும் பிளாஸ்டிக் நூல் இந்த வேலைக்கு ஆகாது. அது லேசில் அறாது.

முடிச்சையும் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நுனியைக் கண்ணிக்குள் விடுகிறேன். வெளியே வந்த கயிற்றை இப்படி ஒரு வளையமாக, குதிரை பக்கமிருந்து வரும் கயிற்றின் மேலே வைக்கிறேன். நுனியை மடித்து, அந்த மடிப்பை மட்டும் பின்பக்கமாக வளையத்துக்குள் நுழைக்கிறேன். நுனி முழுதாக உள்ளே போகக்கூடாது, அதுதான் முக்கியம். குதிரை இழுத்தால் இறுகும். நான் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால், இதோ, மொத்தமும் அவிழ்ந்துவிட்டது. கயிற்றை ஒன்றரை முழத்துக்கு மேல் தளர்த்தி விடாதீர்கள். நீளமாக விட்டால் முன்கால் சிக்கும். கட்டும் உயரம் குதிரையின் கண் மட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது.

அடுத்தது கால். குதிரை மிதிப்பது வேண்டுமென்றே அல்ல. தன் காலடியில் உங்கள் கால் இருப்பது அதற்குத் தெரியாது. ரப்பர் செருப்பில் நிற்பவரின் விரல் எலும்பு அந்த ஒரு கணத்தில் நொறுங்கும். தொழிற்சாலைகளில் போடும் இரும்பு முனை பூட்ஸ் இதற்குப் போதும். அதன் முனை 200 ஜூல் அடியைத் தாங்குகிறதா என்று சோதித்துத்தான் விற்கிறார்கள். இரும்பு முனை வளைந்து விரலையே வெட்டிவிடும் என்று ஒரு பேச்சு லாயங்களில் உலவுகிறது. தரச் சோதனை முடித்த பூட்ஸைப் பற்றி அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் அதே பூட்ஸோடு குதிரை ஏறக்கூடாது. அதன் அகலமான முனையும் பட்டை பட்டையான அடிப்பாகமும் அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். விழுந்தவரை அப்படியே இழுத்துக்கொண்டு குதிரை ஓடும். ஏறுவதற்கு வழவழப்பான அடியும் சின்னக் குதிகாலும் உள்ள பூட்ஸ் வேண்டும். குழந்தைகளுக்கு, ஒரு பக்கம் இரும்புக்குப் பதிலாக ரப்பர் பட்டை மாட்டிய அங்கவடி வருகிறது. கால் மாட்டினால் ரப்பர் கழன்றுவிடும். குழந்தைகளுக்குச் சவாரி கற்றுத்தரும் இடத்தில் அது இல்லாமல் இருக்கக்கூடாது.

தலைக்கவசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகக் குதிரையேறிய கோர்ட்னி கிங் டை, 2010 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் பயிற்சியின்போது விழுந்தார். குதிரை அடம்பிடிக்கவில்லை, துள்ளவில்லை. தன் கால் தானே தடுக்கி விழுந்தது. அன்று அவர் தலைக்கவசம் போட்டிருக்கவில்லை. மண்டை ஓடு பிளந்து, வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்தவர் பேசவும் நடக்கவும் மறுபடி பழக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தலைக்கவசத்துக்காக நடந்த பிரசாரம் பல நாடுகளிலும் விதிகளை மாற்றியது. டிரெஸ்ஸாஜ் என்ற நளினச் சவாரிப் போட்டியில் பெரிய வீரர்கள் கறுப்பு உயரத் தொப்பியோடு வருவது பழைய மரபு. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 முதல் அங்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது.

நம் ஊரில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு குதிரை ஏறுபவர்களைப் பார்க்கிறேன். ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்று தோன்றும். ஆனால் அதன் ஐ.எஸ். 4151 தரம் சாலை விபத்தை மனத்தில் வைத்து எழுதியது. கனம் அதிகம், பக்கத்தில் வரும் சத்தம் காதில் விழாது. குதிரைச் சவாரிக்கென்றே தரங்கள் இருக்கின்றன. உள்பக்கச் சீட்டில் பிஏஎஸ் 015, இஎன் 1384, ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் அலங்காரத் தொப்பி. வாரை மாட்டாமல் தலையை ஆட்டினாலும் கவசம் வழுக்காமல் நிற்க வேண்டும். ஒருமுறை நன்றாக அடிபட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. நசுங்கியது பழையபடி எழும்பாது. எந்த அடியும் படாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சென்னை வெயிலில் காரின் பின்கண்ணாடி அடியில் போட்டுவைத்தால் அந்த ஐந்து வருடமும் தாங்காது. உடம்புக்கு மாட்டும் கவச உடையும் இருக்கிறது, இஎன் 13158 என்ற தரத்தில் மூன்று நிலைகளாக வருகிறது. குறுக்குத்தடை தாண்டுபவர்களுக்கு மூன்றாம் நிலை வேண்டும்.

தலைக்கவசம் ஏறுபவருக்கு மட்டும் என்று யார் சொன்னது? குளம்பைத் தூக்கிப் பிடித்துச் சுத்தம் செய்பவரின் தலை, குதிரையின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஊசி போடும்போது ஹால்டரைப் பிடித்து நிற்பவரின் முகத்துக்கு நேரே முன்னங்கால் எழும்புகிறது. வண்டியில் ஏற்றி இறக்கும்போதும், இளங்குதிரையை நீளக்கயிற்றில் சுற்றவிடும்போதும், மருத்துவர் வரும்போதும் தரையில் நிற்பவர் தலையில் கவசம் இருக்க வேண்டும். மருத்துவரின் தலையிலும்தான். மெரினாவிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் குழந்தையைத் தூக்கிக் குதிரைமேல் வைத்து, கவசம் எதுவுமில்லாமல் படம் எடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. குதிரை நல்ல குதிரையாகத்தான் இருக்கும். ஆனால் கடற்கரையில் பட்டம் விடுகிறார்கள், பலூன் வெடிக்கிறது.

வெளியே தெரியாத ஆபத்து மூச்சில் இருக்கிறது. மக்கிய புல்லையும் வைக்கோலையும் உதறும்போது பறக்கும் தூசியில் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வருடக்கணக்கில் அதைச் சுவாசிப்பவருக்கு நுரையீரல் அழற்சி வரும். மாலையில் காய்ச்சல், இருமல், மாடிப்படி ஏறினால் இளைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால், பீடி குடிப்பாயா என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர் குறைவு. இதே தூசி குதிரைக்கும் ஆகாது, அதற்கும் இருமல் வரும். புல்லைப் போடுவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனைத்துப் போடுங்கள். குதிரை வெளியே போன பிறகு கூட்டுங்கள். கூட்டுபவர் என் 95 முகக்கவசம் போட வேண்டும். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டுவதால் பெரிய தூசி நிற்கும், நுரையீரலின் அடிக்குப் போகும் நுண்தூசி நிற்காது. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வேறு இருக்கிறது. நின்றபடி மோந்தால் தெரியாது. லாயத்துக்குள் முட்டிபோட்டு, குதிரை படுக்கும் உயரத்தில் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அன்றே படுக்கையை மாற்ற வேண்டும். அளக்கும் கருவி எதுவும் தேவையில்லை.

இப்போது தீ. லாயத்துத் தீயைப் போலக் கொடுமை வேறில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பவை கதவைத் திறந்து ஓட முடியாதவை. திறந்துவிட்டாலும் பல குதிரைகள் வெளியே வராது. பழகிய இடம்தான் பத்திரம் என்று உள்ளேயே நிற்கும். வெளியே இழுத்துவந்த குதிரை திரும்ப உள்ளே ஓடியதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு கதவிலும், வெளிப்பக்கம், ஒரு ஹால்டரும் கயிறும் எப்போதும் தொங்க வேண்டும். சேண அறையில் பூட்டி வைத்த ஹால்டரால் அன்றைக்குப் பயன் இல்லை. கண்ணைக் கட்ட ஒரு பழைய துண்டு கூடவே தொங்கட்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் இருட்டிலும் ஒரு கையால் திறக்க வர வேண்டும். இரவில் பூட்டுப் போடுகிறவர்கள் சாவி எங்கே இருக்கிறது என்பதைக் காவலாளியிடம் சொல்லிவிட்டாவது போடுங்கள்.

தீ எங்கிருந்து வருகிறது? முதலாவது மின்சாரம். கோடையில் ஒவ்வொரு அறைக்கும் விசிறி மாட்டுகிறோம். எலி கடித்த ஒயர், நூலாம்படை படிந்த பல்பு, ஒரே பிளக்கில் மூன்று விசிறி. ஒயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, பல்புக்குக் கம்பிக்கூடு போட்டு, கசிவு மின்சாரத்தில் தானே அணையும் சுவிட்சை மெயினில் வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு சேணத்தின் விலைக்குள் அடங்கும். இரண்டாவது கொசு மூட்டம். சட்டியில் தணல் போட்டு வேப்பிலைப் புகை போடுவது மாட்டுக் கொட்டிலில் இருந்து வந்த பழக்கம். கீழே வைக்கோல் பரப்பிய லாயத்தில் அது வேண்டாம், வலை அடியுங்கள். மூன்றாவது தீபாவளி. ராக்கெட் எங்கே போய் விழும் என்று விட்டவருக்கே தெரியாது. அந்த இரண்டு இரவும் யாராவது ஒருவர் தண்ணீர்க் குழாயோடு விழித்திருக்க வேண்டும்.

நாலாவதை நம் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரம் காயாத புல்லையும் வைக்கோலையும் அடுக்கினால், போர் உள்ளுக்குள் சூடேறித் தானே புகையும். பீடியும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். மழையில் நனைந்த லோடு வந்து இறங்கினால், ஒரு நீள இரும்புக் கம்பியைக் கட்டுகளின் நடுவே செருகி வைத்து, சிறிது நேரம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். நுனியைப் பிடிக்க முடியாமல் சுட்டால் அங்கே கோளாறு. வெப்பமானி வைத்திருப்பவர்கள் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உஷாராக வேண்டும். 80ஐ நெருங்கினால் கட்டுகளை நீங்களே பிரிக்க வேண்டாம், காற்றுப் பட்ட கணம் பற்றிக்கொள்ளும். தீயணைப்புத் துறையின் 101க்குச் சொல்லிவிட்டு, குதிரைகளை வெளியேற்றுங்கள். புல் அறையைக் குதிரைகளுக்கு மேலேயோ ஒட்டியோ கட்டாமல் தள்ளிக் கட்டியிருந்தால் அந்த நேரத்தில் அவகாசம் கிடைக்கும். புல்லில் பிடித்த தீக்குத் தண்ணீர்தான் சரி. மின்சாரத் தீயில் முதலில் மெயினை அணைத்துவிட்டு, கரியமில வாயுவோ உலர்பொடியோ உள்ள அணைப்பானை எடுக்க வேண்டும். உலர்பொடி அணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள்.

புல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இதைப் பேசும்போது என் மனதை அறுக்கும் ஒன்று உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் கடிக்கும் நம் நாட்டில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து, குதிரையின் இரத்தத்திலிருந்து வருகிறது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடம்பில் செலுத்துகிறார்கள். அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகிறது. அதைப் பிரித்துத்தான் மருந்து. எத்தனையோ உயிர்களை இப்படிக் காப்பாற்றும் பிராணியைப் பார்த்துக்கொள்ளும் மனிதர், நள்ளிரவில் செருப்புக்காலோடு, டார்ச் இல்லாமல், புல்கட்டுக்கு இடையில் கையை விடுகிறார். முழங்கால் வரை வரும் கம்பூட்டும் ஒரு நல்ல டார்ச்சும் எவ்வளவு ஆகிவிடும்?

நோய்களுக்கு வருகிறேன். குதிரை இலத்தியிலும் அது விழுந்த மண்ணிலும் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். லாட ஆணி குத்தினாலும், வைக்கோல் வாரும் இரும்பு முள் பட்டாலும், அந்தச் சின்னக் காயம் வழியே உள்ளே போகும். குதிரைக்குத் தவறாமல் தடுப்பூசி போடுகிறோம், பதிவேட்டில் தேதி எழுதுகிறோம். அதே பதிவேட்டில் எதிர்ப்பக்கத்தில், லாயத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரின் பெயரும் அவர் ஊசி போட்டுக்கொண்ட தேதியும் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுகிறார்கள்.

கிளாண்டர்ஸ் என்ற நோயைத் தமிழ்நாட்டில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கட்டிகளும் வரும். மனிதருக்கும் தொற்றும், தொற்றினால் உயிரை எடுக்கும். தடுப்பூசி கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1899இல், இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். ஓய்ந்தது என்று நினைத்திருந்த நோய் 2006இல் வட மாநிலங்களில் மறுபடி தலைகாட்டியது. வடக்கிலிருந்து குதிரை வாங்கி வருகிறவர்கள், ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையத்தின் பரிசோதனை முடிவில்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

வந்த குதிரையை எங்கே கட்டுகிறோம் என்பதும் முக்கியம். மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன, பாண்டியன் மகிழ்ந்துபோய் அவற்றைப் பழைய குதிரைகளோடு ஒரே லாயத்தில் கட்டச் சொன்னான். இரவில் அவை மறுபடி நரிகளாகி, கட்டியிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. இறைவனின் திருவிளையாடலாக நாம் வணங்கும் கதை. மருத்துவனாகக் கேட்கும்போது, புதிதாக வந்ததைப் பழையதோடு அன்றே கட்டிய அந்த ஓர் இரவுதான் என் கண்ணில் படுகிறது. புதுக் குதிரையை மூன்று வாரமாவது தள்ளிக் கட்டுங்கள். அதற்குத் தனி வாளி, உடம்பு தேய்க்கத் தனிக் குரப்பம், தனித் துண்டு. முடிந்தால் தனி ஆள். முடியாவிட்டால் அதைக் கடைசியாகக் கவனிக்கட்டும், கவனித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கட்டும்.

1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹெண்ட்ரா என்ற புறநகரின் ரேஸ் லாயம் ஒன்றில், குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுத் திணறி இறந்தன. அவற்றைக் கையால் தொட்டுப் பணிவிடை செய்த பயிற்சியாளர் விக் ரெயிலும் இறந்தார். வௌவாலிடமிருந்து குதிரைக்கும், குதிரையிடமிருந்து மனிதருக்கும் வந்த புது வைரஸ் அது. இதுவரை ஏழு மனிதருக்குத் தொற்றி நால்வர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு. அந்த நோய் இங்கே இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் குதிரை இறந்தால், கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்ற பாடத்தை உலகத்துக் குதிரை மருத்துவர்கள் அங்கேதான் கற்றார்கள். நம் லாயங்களில் செத்த குதிரையை வெறுங்கையோடு அப்புறப்படுத்துபவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலுதவிப் பெட்டியைப் பற்றி நீட்டப்போவதில்லை. மனிதருக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. குதிரைப் பெட்டியில் வெப்பமானி கட்டாயம். 37.5லிருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு என்பதை மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். மயக்க ஊசி மருந்துகளை அந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். குதிரைக்கு ஏற்றிய மயக்க மருந்து தவறி மனிதர் கையில் குத்தினால் அதுவே ஆளை வீழ்த்தும். சுவரில், எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் 108, 101, கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962, உங்கள் மருத்துவரின் எண். கூடவே லாயத்தின் முழு முகவரியும், அருகிலுள்ள அடையாளமும். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது.

வாங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பூட்ஸை மொத்தமாக ஒன்பதாம் நம்பரில் பத்து ஜோடி வாங்கி அடுக்கிவைத்துவிட்டு, கொடுத்தும் போடமாட்டேன் என்கிறார்கள் என்று குறைசொல்லும் முதலாளிகளைக் கண்டிருக்கிறேன். ஏழாம் நம்பர்க் கால்காரர் ஒன்பதாம் நம்பர் பூட்ஸில் குதிரையோடு ஓடமுடியுமா? ஒவ்வொருவரின் காலையும் தலையையும் அளந்து வாங்குங்கள். பெண்கள் இப்போது லாய வேலைக்கு நிறைய வருகிறார்கள். ஆண்கள் அளவுக் கையுறை அவர்கள் கையில் நிற்காது. கவசம் பொதுவில் கிடந்து ஆள் மாறி ஆள் போடுவதாக இருக்கக்கூடாது. வியர்வை நாற்றம் வந்துவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். பெயர் எழுதி அவரவரிடம் கொடுங்கள், தேய்ந்தால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள், அதன் விலையைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு உங்களில் பாதிப் பேராவது போவீர்கள். குதிரைச் சந்தையை ஒட்டிச் சலங்கை, நெற்றிப்பட்டம், சாட்டை, கடிவாளம் என்று கடைகள் விரித்திருப்பார்கள். குதிரைக்கு அலங்காரச் சாமான் வாங்கும்போது, உங்களோடு வந்திருக்கும் குதிரைக்காரரையும் கடைக்கு முன்னால் நிறுத்தி, இவர் கைக்குச் சரியாக ஒரு ஜோடிக் கையுறை, இவர் காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், தரச்சீட்டு உள்ள ஒரு தலைக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் இல்லை என்று சொன்னால் அளவை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த ஆடிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

இப்போது மேசைக்கு வரலாம். கயிறுகள் இருக்கின்றன, முடிச்சை ஒவ்வொருவராகப் போட்டுப் பாருங்கள்.